மாதிரித் தேர்வும் ஆசிரியர் கடமையும்

வறுமையால் மாணவர் எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிடலாகாது என்னும் நோக்குடன், மத்திய அரசாங்கம் 2008ஆம் ஆண்டில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசாங்கப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் எட்டாம் வகுப்பு மாணவருள், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர் இதற்குரிய தேர்வை எழுதலாம். உதவித்தொகைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டுத் தொடர்ந்து நன்கு பயின்றுவரும் மாணவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு மூட்டையும் இஞ்சி மூட்டையும் சுமந்து பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

இத்தேர்வுக்கு முன் பள்ளிகளில் மாதிரித் தேர்வு வைப்பது நல்ல வழக்கமே. ஆனால் அதில் முன்னணியில் நிற்போரை மட்டும் விண்ணப்பிக்கச் செய்து, ஏனையோரை ஒதுக்கிவிடும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. இது தவறு என்பதே எனது கருத்து.

வயல் மண்ணைப் பரிசோதிப்பது எதற்காக? அதில் எச்சத்து குறைந்துள்ளது என்றறிந்து அதனை இடுவதற்கேயன்றி, அவ்வயலைத் தரிசாக விடுவதற்கன்று. மாதிரித் தேர்வும் அத்தகையதே. உண்மைத் தேர்வில் இரு தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 90 நிமிடங்களில் 90 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். அவற்றுள் மனத்திறன் தாளில் வரும் எண்தொடர்களும் உருவ வரிசைகளும் வகுப்புப் பாடத்தில் பயிலாதவை. வட்டங்களைக் கருமையாக்கும் விடைத்தாளும் புதிது. ஆகவே முதல் மாதிரித் தேர்வில் பெறும் குறைந்த மதிப்பெண், பெரும்பாலும் பழக்கக் குறைவைக் காட்டுமேயொழிய அறிவுக் குறைவைக் காட்டுவதன்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எனக்குப் பிறிதொன்றும் தோன்றுகிறது. மட்டாஞ்சேரியில் வீட்டில் தமிழோ கொங்கணியோ குசராத்தியோ பேசிப் பள்ளியில் மலையாளத்தில் பயிலும் பிள்ளைகள் பலர். சூரிய ஒளியில் இலை உணவு தயாரிக்கிறது என்பதை நன்கறிந்த பிள்ளையும், வினாத்தாளில் ‘பிரகாச சம்ச்லேஷணம்’ என்ற சொல்லைக் கண்டு திகைக்கக்கூடும். ஒளிச்சேர்க்கை என்று தமிழில் நாம் வழங்குவதே அது. விடை தவறியது பொருள் தெரியாமையாலா, சொல் தெரியாமையாலா, நேரம் போதாமையாலா என்று பிரித்தறிவதே மாதிரித் தேர்வின் முதற்பயன். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பலகையில் எழுதிவிட்டால் அப்பயன் வீணாகிவிடும்.

ஆசிரியருக்கு உள்ள நேரமோ குறைவு. வெல்லக்கூடியவர் மீது அதனைச் செலவிடுவதே விவேகம் என்று கூறுவாருமுளர். தனிப்பயிற்சிக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம், விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் கடைசி நாளுக்கு முன்னரே பதிவாதல் வேண்டும். வருமானச் சான்றிதழ் பெறத் தந்தை ஒரு நாட்கூலியை இழக்க நேரலாம். ஆதலின் அதனை முன்கூட்டியே நினைவூட்டுதல் நலம். களப்பணியாளர் குடும்பங்களைக் காணச் செல்லுங்கால் இச்செய்தியையும் கூறலாம். தெரிந்தெடுக்கப்பட்ட பின்னரும், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மீண்டும் விண்ணப்பித்தாலன்றித் தொகை கிட்டாது என்பதையும் மறத்தலாகாது.

தேர்வில் தோற்ற பிள்ளை மறுமுறை வேறொரு தேர்வில் முயலலாம். விண்ணப்பமே செய்யப்பெறாத பிள்ளைக்கோ, தான் இழந்தது இன்னதென்றே தெரியாது. அத்தகைய இழப்பு நம் பள்ளிகளில் நேராதிருக்கப் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் கையில் உள்ளது.