காத்மாண்டுக்குப் பிறகு கூடாத மாநாடு

மாண்புமிகு இந்தியப் பிரதமர் அவர்களுக்கு,



2014 மே மாதம் நீங்கள் முதன்முறையாகப் பதவியேற்றபோது தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் அனைவரையும் அழைத்தீர்கள். பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபும் வந்தார். அந்த நவம்பரில் காத்மாண்டுவில் 18-வது சார்க் உச்சி மாநாடு நடந்தது. அதற்குப் பின் அந்த மாநாடு கூடவே இல்லை. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டியது, காஷ்மீரின் உரியில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு கைவிடப்பட்டது.

உரி, புல்வாமா, பஹல்காம் படுகொலைகளுக்கு நாடு கொண்ட கோபம் நியாயமானது. பயங்கரவாதிகளுக்கு இடம் கொடுப்பவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இன்று இந்தியா, பாகிஸ்தான் இரு நாடுகளிலும் அண்டை நாட்டை எவ்வளவு வெறுக்கிறோம் என்பதே தேசப்பற்றின் அளவாகிவிட்டது. தொலைக்காட்சி விவாதங்களில் போர் கேட்பவர் வீரர், பேச்சுவார்த்தை கேட்பவர் துரோகி. இந்த வெறுப்பால் பாகிஸ்தானில் அதிகம் பலன் அடைவது அங்குள்ள ராணுவத் தலைமைதான். அதற்கு நாம் ஏன் தீனி போட வேண்டும்?

1960-இல் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம் 1965, 1971, கார்கில் என மூன்று போர்களுக்கும் தாக்குப்பிடித்தது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், அதை நிறுத்திவைத்தோம். ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது பாகிஸ்தானை எச்சரித்தோம். ஒப்பந்தத்தின்படியான சிந்து ஆணையர்கள் வழியாக அல்ல, இஸ்லாமாபாத்திலுள்ள நம் தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில். அந்த முடிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆற்றங்கரையில் வாழ்பவர்களின் உயிர் ஓர் அரசு அன்றைக்குக் காட்டும் இரக்கத்தை நம்பி இருக்கலாமா? இரக்கம் வற்றினாலும் தகவல் போய்ச் சேர வேண்டும் என்றுதானே ஒப்பந்தம் போட்டோம்!

காற்றும் அப்படித்தான். எல்லைக்கு இருபுறமும் பஞ்சாப் வயல்களில் பயிர்க்கழிவு எரிகிறது. நவம்பரில் டெல்லியும் லாகூரும் மூச்சுத் திணறுகின்றன. எல்லை தாண்டும் காற்று மாசு குறித்து 1998-இலேயே மாலேயில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டை ஏற்றன. இன்று அதைப் பற்றி உட்கார்ந்து பேசக்கூட ஆளில்லை.

பேசுவதற்கு வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு இருக்கிறதே என்பார்கள். அதில் பாகிஸ்தான் இல்லை; மாலத்தீவும் ஆப்கானிஸ்தானும் இல்லை. சண்டையில்லாதவர்களோடு மட்டும் கூடிப் பேசி, சண்டையை எப்படித் தீர்ப்பது?

சார்க்கைக் கூட்டினால் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். இருதரப்புத் தகராறுகளை அங்கே விவாதிக்கக் கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. முடிவுகளும் ஒருமித்தே எடுக்கப்பட வேண்டும். நம் சம்மதமின்றி அங்கே எதுவும் நிறைவேறாது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் சார்க் தலைவர்களைக் காணொலியில் கூட்டியது நீங்கள்தான். அவசர நிதிக்கு இந்தியாவின் பங்காக ஒரு கோடி டாலர் அறிவித்ததும் நீங்கள்தான். அந்த முனைப்பை மீண்டும் காட்டுங்கள். முதலில் வெளியுறவு அமைச்சர்களாவது காத்மாண்டுவிலுள்ள சார்க் செயலகத்தில் சந்திக்கட்டும். வெள்ள எச்சரிக்கையையும் காற்று மாசையும் மட்டும் பேசட்டும். அதற்கான அழைப்பு டெல்லியிலிருந்து போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தியக் குடிமகன் ஒருவன்