குப்பை மேட்டில் வசந்தம்

பிப்ரவரி வாக்கில் மும்பைக்காரர்களுக்குப் பூப் பித்துப் பிடித்துவிடும். பைகுல்லா ராணி பாகில் மாநகராட்சி நடத்தும் மலர்க் கண்காட்சியில் பூக்களைவிடத் தலைகள் அதிகம். மாட்டுங்காவில் முழம் போட்டு வாங்கும் மல்லியும் கனகாம்பரமும்தான் பூ என்றிருக்கும் நம்மவர்களும் குடும்பத்தோடு ஆஜர். காடு பார்க்க வேண்டுமானால் போரிவலிக்கு ரயிலேறுவார்கள்.

தாராவிக்கு எதிரிலேயே ஒரு காடு இருக்கிறது. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றோரம், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். நகரம் முன்பு குப்பை கொட்டிய இடம். மண் பரப்பி, மரம் வளர்த்து, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். நிழலில் நடக்கும்போது காலடியில் இருப்பது பழைய பம்பாயின் குப்பை என்று நம்புவது கஷ்டம்.

தாராவியில் முப்பது வருடமாக வசித்தும் இதற்குள் நுழையாத திருநெல்வேலி அம்மா ஒருவரை ஒரு ஞாயிறு அழைத்துப் போனேன். மராத்தியில் பங்காரா எனப்படும் மரம் இலையுதிர்த்து, சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. நான் தமிழ்ப் பெயரை யோசிப்பதற்குள் அவர் கிளையின் முள்ளைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம முள்முருங்கைதான் தம்பி. இலை இருந்தா சளிக்கு அடை தட்டலாம்." என் மொழிபெயர்ப்பு வேலை அதோடு முடிந்தது.

தாராவி மறுசீரமைப்பு இந்த நிலத்தையும் விழுங்கிவிடுமோ என்ற அச்சத்தில் உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது. பூங்கா திட்டத்தில் சேராது என்றது அரசுத் தரப்பு. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்கும் என்னென்னமோ சொல்றாங்க" என்றவர், அடுத்த ஞாயிறு பேத்தியைக் கூட்டி வர வேண்டும் என்றார்.