வங்கி வக்கீலும் பஞ்சமி நிலமும்

வீட்டுக் கடன் கேட்டு வங்கிப் படி ஏறிய தோழர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம். பத்திர நகலையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு மேனேஜர் சொல்வார்: "லீகலுக்கு அனுப்பணும்." கூடவே ஒரு தொகையைக் கட்டச் சொல்வார். யார் இந்த 'லீகல்'? வங்கியின் பேனலில் பெயர் உள்ள ஒரு வக்கீல். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து, இந்தச் சொத்தை அடமானமாக வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பவர். கட்டணம் கட்டுவது நாம். ஆனால் அவர் நம் வக்கீல் இல்லை, வங்கியின் வக்கீல். அவர் எழுதிய கருத்துரையின் நகலைக் கேட்டால்கூடப் பல கிளைகளில் கையை விரிப்பார்கள்.

நானும் கொஞ்ச காலம் அந்த 'லீகல்' ஆக இருந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரம் கோர்ட்டில் பதினோரு வருஷம் ஓட்டிய பிறகுதான் எனக்கு பேனல் என்ற ஒன்று கிடைத்தது. அதற்கு முன் மூன்று இடத்தில் மனுப் போட்டேன். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: ஏற்கெனவே எந்தெந்த வங்கி பேனலில் இருக்கிறீர்கள்? எதிலும் இல்லை என்றால் அந்த மனு அடியில் போய்விடும். ஏதாவது ஒன்றில் இருந்தால்தான் இன்னொன்று. அந்த முதல் ஒன்று எப்படி வரும்? சீனியர் வழியாக வரும், மாமனார் வழியாக வரும், மேனேஜரோடு ஒன்றாகக் கோயில் திருவிழா எடுக்கிற ஊர்க்காரர் வழியாக வரும். நம் பையனுக்கு எந்தச் சீனியர், எந்த மாமனார்? வக்கீல் தன் தொழிலுக்கு ஆள் பிடிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆனால் பேனலில் நுழைய வேண்டுமென்றால் கிளை கிளையாகப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். காட்டுகிற தலை யாருடையது என்பதைப் பொறுத்து விதி நீளும், சுருங்கும். அரசு வங்கியானாலும் இது வேலை நியமனம் இல்லையாம், தொழில் ஏற்பாடாம். அதனால் குமாஸ்தா வேலைக்கு வரும் இட ஒதுக்கீடு இந்தப் பட்டியலுக்கு வருவதில்லை.

கடைசியில் ஒரு கடன் நிறுவனத்தில் என் கல்லூரித் தோழன் ஒருவன் சொல்லி உள்ளே போனேன். சட்ட அறிவால் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

உள்ளே போவதைவிட உள்ளே இருப்பது பெரிய வித்தை. ஃபைல் வந்தால் இரண்டு மூன்று நாளில் திருப்ப வேண்டும். மாதக் கடைசியில் கிளைக்கு இலக்கு நெருக்கும்போது, "வக்கீல் சார், இன்னைக்கே முடிச்சுக் குடுத்துருங்க" என்று போன் வரும். பில்டரின் மனையிடம் ஏற்கெனவே 'அப்ரூவ்டு' என்றால் நீ புதிதாகக் குழப்பக் கூடாது. குழப்பினால் உன்னை நீக்க மாட்டார்கள், கடிதம் தர மாட்டார்கள். ஃபைல் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் இன்னொரு பயம். கடன் வராக்கடனாகிப் பத்திரம் போலி என்று தெரிந்தால் முதலில் வக்கீலைத்தான் பிடிப்பார்கள். மோசடிக்குத் துணைபோன வக்கீல், மதிப்பீட்டாளர் பெயர்களை வங்கிகள் சங்கத்துக்கு அனுப்பி எல்லா வங்கிகளுக்கும் சுற்றுக்கு விடும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2009இல் கொண்டுவந்தது. ஐதராபாத் வங்கி ஒன்றின் பேனல் வக்கீல் மீது சி.பி.ஐ. போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கருத்துரை தவறு என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது, சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு வக்கீலின் வாழ்க்கை போய்விடும். ஆகவே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்க்கிறார்கள். முப்பது வருஷம் சுத்தமா? சுத்தம். கையெழுத்து.

இந்த முப்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது, தோழர்களே.

தாம்பரம், படப்பை, வண்டலூர், அகரம்தென் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்கள் நிலமில்லாமல் படும் பாட்டை எழுதி அனுப்பிய அறிக்கையின் பேரில்தான் 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. அப்படிப் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். நிபந்தனை இதுதான். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

இந்த நிபந்தனை எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. அது பத்திரப் பதிவு இல்லை, வருவாய்த்துறைப் பதிவு. அ-பதிவேட்டில், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில், ஒப்படைப்பு ஆணையில் இருக்கும். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு புதுப் பதிவேட்டுக்கு ஏறவே இல்லை. புதுப் பட்டாவில் சாதி இந்துவின் பெயர். அதிலிருந்து முப்பது வருஷம் எண்ணினால் எல்லாம் பால் போல வெள்ளை. நிலம் பறிபோனது முப்பத்தொன்றாவது வருஷத்தில் இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை, போகச் சொல்லி வங்கியும் கேட்பதில்லை.

இதே வக்கீல் நம் சேரி நத்தத்துக்கு வந்தால் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப் பட்டாவா? நிபந்தனை இருக்கிறது, தாசில்தாரிடம் தடையின்மைச் சான்று வாங்கி வா. தாத்தா பேரில் பத்திரம் இல்லையா? கடன் இல்லை. நமக்கு வந்த நிலத்தின் நிபந்தனை அவருக்குத் தெரிகிறது, நம்மிடமிருந்து போன நிலத்தின் நிபந்தனை தெரியவில்லை. என்ன பார்வையோ!

எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன். படப்பை பக்கம் ஒரு லேஅவுட், ஊர்ப் பெயர் வேண்டாம். சர்வே எண்ணைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. தாலுகா ஆபீசில் நாலு நாள் அலைந்து பழைய பதிவேட்டைப் பார்த்தேன். நிபந்தனை ஒப்படைப்பு. நடுவில் வாங்கிய இரண்டு பேர் நம்மவர் இல்லை. ஆகவே உரிமை செல்லாது, அடமானம் வாங்க வேண்டாம் என்று எழுதினேன். போன் வந்தது. "ஏற்கெனவே நாலு வக்கீல் ஓகே குடுத்த சைட் சார், நீங்க மட்டும் ஏன்?" நான் மாற்றவில்லை. ஃபைல் வேறு வக்கீலுக்குப் போனது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஃபைலும் வரவில்லை.

இதை வீரமாகச் சொல்லவில்லை. நாற்பது ஃபைல் அதற்கு முன் முடித்திருந்தேன். அதில் எத்தனைக்கு முப்பதுக்கு அப்பால் போனேன் என்று கேட்டால் என்னிடம் பதில் நன்றாக இராது.

சட்டக் கல்லூரி மாணவத் தோழர்கள் பேனலை வெறுத்து ஒதுங்க வேண்டாம் என்பேன். போங்கள். மனுப் போடுங்கள், அரசு வங்கி மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பட்டியலைக் கேளுங்கள். இயக்கங்கள் கேட்க வேண்டியது இன்னொன்று: அ-பதிவேடும் பழைய செட்டில்மெண்ட் பதிவேடும் பார்க்காமல் எந்தக் கருத்துரையையும் வங்கி ஏற்கக் கூடாது. பஞ்சமி என்று அரசு மீட்டால் நிலம் போகும், மாதத் தவணை போகாது. கடன் வாங்கியவன் செத்தான். அதனால் இது நமக்கு மட்டுமான கோரிக்கையும் இல்லை.

அந்தப் படப்பை மனையை வாங்க வந்தவர் நம் ஆள்தான், ரயில்வேயில் வேலை. என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "அண்ணா, மூணு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். மத்தவங்க எழுதுனா பரவாயில்ல, நீங்களே இப்படி எழுதலாமா?" உட்காரச் சொல்லிப் பதிவேட்டு நகலைக் காட்டினேன். முதல் ஒப்படைப்புதாரர் பெயரை இரண்டு தடவை படித்தார். பக்கத்து ஊர்ச் சேரிப் பெயரும் அதில் இருந்தது. அது அவருடைய அம்மா பிறந்த ஊர்.