களைப்பு வேறு, பயிற்சி வேறு



சில மாதங்களுக்கு முன் வலிகாமத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் உடற்பயிற்சி பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் பேசத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை, விடிய நாலரைக்கு எழும்பினால் இராப் பத்து மணிக்குத்தான் பாயில சரியிறன். இதுக்கு மேல எனக்கென்ன தேகப்பியாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய வயதைக் கேட்டேன். 44 என்றார். "கிழவியாப் போனன் பிள்ளை, முழங்கால் ஏலாது" என்றும் சொன்னார். அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலுக்கு வழியில்லை. ஆசிரியை, தாதி, மாணவி என்று எங்கள் பெண்கள் எல்லோரும் சைக்கிள்தான் ஓடினார்கள். அம்மாவும் ஓடினார். கிணற்றில் அள்ளினார், உரலில் மா இடித்தார். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் பின்னர் தண்ணீருக்கு மோட்டர் வந்தது, மாவுக்கு மில் வந்தது, போக்குவரத்துக்கு ஸ்கூட்டி வந்தது. அம்மாவின் வேலை நேரம் குறையவில்லை, உடல் அசைவு மட்டும் குறைந்தது. ஐம்பத்தாறாவது வயதில் நீரிழிவினால் கால்விரல் ஒன்றை இழந்தார். சென்ற வருடம் நான் பரிசோதித்தபோது என் குருதியிலும் சீனி எல்லையில் நின்றது. ஊருக்குப் புத்தி சொல்கிற நான் கூட்டத்துக்குக் கூட்டம் பணிஸும் சீனித் தேநீரும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்த அக்காவுக்கான பதில் இதுதான். உடல் களைப்பது வேறு, உடல் பலப்படுவது வேறு. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பதால் காலும் இடுப்பும் நோகும். ஆனால் இதயம் வேகமாகத் துடித்து, மூச்சு வாங்கினால்தான் அது அதற்குப் பயிற்சி. முப்பது வயதைத் தாண்டியதும் தசைகள் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பின் எலும்பும் வேகமாக வலு இழக்கிறது. இதை மெதுவாக்க நடையும் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் உதவும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைச் சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். பேசக்கூடியதாக இருக்கவேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாட்களாவது கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத்தரம் எழும்பி இருங்கள். நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

"இனி என்னத்தைச் செய்ய" என்பவர்களுக்கு முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்வேன். 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 72. நாங்கள் எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. எழுபதிலும் எங்கள் கிணற்றடிக்கு நாங்களே நடந்து போனால் போதும்.

இனிச் சாப்பாடு. எங்கள் வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுகிறாள். மீன் துண்டு முடிந்திருக்கும், வறை முடிந்திருக்கும். மிச்சச் சோறும் சொதியும்தான் அவள் பங்கு. களைப்புக்கும் தலைச்சுற்றுக்கும் இரத்தச்சோகை ஒரு பெரிய காரணம். மற்றவர்களுக்குப் பரிமாறும்போதே உங்கள் பங்கையும் எடுத்து மூடி வையுங்கள். அது சுயநலம் இல்லை.

விலை கூடிய சத்துமா ரின்கள் தேவையில்லை. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குரக்கன் புட்டு, அவித்த பயறு, கௌபி, சூடை, நெத்தலி என்று எல்லாம் எங்கள் சந்தையிலேயே இருக்கின்றன. வெள்ளைச் சோற்றைக் குறைத்து, தவிடு போகாத சிவப்பரிசியைச் சேருங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். ஒரு நாளைக்குச் சீனி ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது. இரண்டு கரண்டி போட்டு நாலு தேநீர் குடித்தால் அதிலேயே எட்டாகிவிடும். பனங்கட்டியும் கணக்கில் சேரும்!

35 வயதானவர்கள் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் மகளிர் கிளினிக் நாளைக் கேளுங்கள். குருதி அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகள் அங்கே இலவசம்.

மிஞ்சுவது நேரம். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எங்கள் பெண்களுக்குக் குறைவது மனம் அல்ல, தனக்கென்று அரை மணித்தியாலம். அதை வீட்டார்தான் தரவேண்டும். கணவரும் மகனும் தேங்காய் துருவினால் கை தேயாது.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் அந்த அக்காவிடம் சொன்னேன். "தனியப் போனால் சனம் கதைக்கும், நாயும் கலைக்கும்" என்றார். அதுவும் உண்மை. அதனால் ஆறு பேராகச் சேர்ந்து, பின்னேரம் ஐந்தரைக்குப் பாடசாலை மைதானத்தில் நடக்கத் தொடங்கினார்கள். முதல் வாரம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்த இரண்டு பேர் இப்போது அவர்களுடன் நடக்கிறார்கள். அக்காவின் முழங்கால் நோ முற்றாகப் போகவில்லை. ஆனால் போன கிழமை என்னைக் கண்டதும், "பிள்ளை, இப்ப இராவில நல்லா நித்திரை வருது. இரவுப் புட்டு மூத்தவன்தான் அவிக்கிறான், கொஞ்சம் கட்டிபடுது" என்றார்.

கட்டிபட்டாலும் பரவாயில்லை. நான் செவ்வாயும் வியாழனும் அவர்களோடு நடக்கிறேன். உங்கள் ஊரில் யார் யார் சேர்ந்து நடக்கலாம் என்று இன்றைக்கே பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.