சென்னையா, பெங்களூரா?

குடும்பத்தோடு குடிபெயர்வோர் இவ்விரு நகரங்களையும் ஒப்பிடுகையில் வாடகையையும் தட்பவெப்பத்தையுமே தராசில் ஏற்றுகின்றனர். தண்ணீரைச் சொல்வாரும் உளர். 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2024இல் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. அந்தக் கணக்கு நேராகிவிட்டது, விடுங்கள்.

நம்மைச் சினங்கொள்ளச் செய்வது, முடிவில் சொல்லப்படும் சமாதானம்: "பெங்களூரில் தமிழே போதும், சமாளித்துவிடலாம்." எதைச் சமாளிக்க? காய்கறிக் கடையில் பேரம் பேசவா? தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றார். இருபதாண்டு அங்கு வாழ்ந்தும் கன்னடப் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாத நம்மவர் சிலரோ, சென்னைக்கு வந்த வடநாட்டார் தமிழ் கற்பதில்லை என்று புலம்புகின்றனர்! கன்னடம் கற்க மனமில்லாதோர் சென்னைக்கே வரட்டும். பெங்களூர் செல்வோர், மாஸ்தியை மூலத்தில் படிக்கும் ஆசையையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு செல்லட்டும்.