தாய்க்கு எந்தத் தரப்பு?

இலங்கைப் படையில் இருந்து போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர் உயிரோடு இருந்திருந்தால் 55 வயதாகும் நாள்வரை மாதச் சம்பளம் கிடைக்கிறது, பிறகு ஓய்வூதியம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை அக்குடும்பங்களின் நலன் பார்க்கிறது. இதில் குறைசொல்ல ஏதுமில்லை. பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலோ பக்கத்து முழங்காவிலிலோ, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து இறந்த பிள்ளையின் தாய்க்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. முன்பு புலிகளின் மாவீரர் பணிமனை கவனித்தது; போர் முடிந்த 2009 மே மாதத்தோடு அதுவும் இல்லாமற்போனது.

ஷெல் விழுந்து இறந்தவர் பொதுமகன். அவருக்காக நட்டஈடு கேட்கலாம். களத்தில் இறந்தார் என்று உண்மையைச் சொன்னால் கோப்பு அத்துடன் மூடப்படும். சொல்லத் துணிந்தாலும் சான்று இல்லை. புலிகள் தம் இறந்த உறுப்பினரைப் புதைத்த முழங்காவில் துயிலுமில்லத்தில் பெயரும் திகதியும் பொறித்த கற்கள் இருந்தன. அவற்றை இடித்துத் தள்ளிய அரசுக்கு, இனி ஆதாரம் கேட்க என்ன முகம் இருக்கிறது?

உயிரிழந்த புலி உறுப்பினர்களின் உறவினரையும் நட்டஈட்டுக்கு உரியவர்களாகக் கருதுமாறு, அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. அரசை எதிர்த்தவனுக்கு அரசே பணம் கொடுப்பதா என்று தெற்கில் கேட்பார்கள். பணம் போவது இறந்தவனுக்கல்ல. அதைவிட, வன்னியில் போரின் இறுதி ஆண்டுகளில் புலிகளால் வீட்டுக்கொருவராகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் பலர். பதினெட்டு நிரம்பாதோரும் அவர்களில் உண்டு. தமிழர் தரப்பு இதைப் பேசத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் விலையைக் கட்டுவதும் அதே தாய்தான். மனித உரிமை, மனிதாபிமானச் சட்ட மீறல்களால் பாதிக்கப்பட்டோருக்காகவே 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீட்டு அலுவலகச் சட்டம் வந்தது. சிறுவரைப் படையில் சேர்ப்பது அப்படியொரு மீறல். கொங்கோவின் கிளர்ச்சித் தலைவர் லுபங்காவின் வழக்கில், அவருடைய குழு சேர்த்த சிறுவருக்கும் குடும்பத்தினருக்குமாக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஒரு கோடி டொலர் இழப்பீடு நிர்ணயித்தது.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2022இல் அறிவிக்கப்பட்ட ஒரு இலட்சம் ரூபாவை மறுத்தது வேறு விடயம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் போராடும் அவர்களுக்கு வேண்டியது பதில். மகன் களத்தில் இறந்ததை அறிந்த தாய்க்கு வேண்டியது அடுத்த மாத அரிசி.

கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் சத்தியக்கடதாசியையும் ஏற்று, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோரின் குடும்பங்களிலிருந்து இழப்பீட்டு அலுவலகம் தொடங்கலாம். அங்கேயே நின்றுவிடக் கூடாது. விரும்பிப் போனவனின் தாயும் அதே பிரதேச செயலக வாசலில்தான் நிற்கிறாள். கொடுப்பனவு ஒரே தடவையில் முடியாமல், படைவீரர் குடும்பங்களுக்குப் போல மாதாமாதம் வரவேண்டும்.