குடிச்சிருந்தானாம்!

ஐந்தருவிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிராம்பு பறிக்கையில் ஏணி சரிந்து என் சித்தப்பா விழுந்தார். மூணாம் நாள் செத்துப்போனார். நியாயம் கேட்டுப் போனோம். தோட்டத்துக்காரர் படியிறங்காமலே சொன்னார்: "குடிச்சிட்டு ஏறியிருக்கான். நான் என்ன செய்ய? ஆளக் கூட்டிவந்தது மேஸ்திரி. அவங்கிட்டப் போயிக் கேளுங்கடே."

காலைல நீத்தண்ணி குடிச்சிட்டுப் போன மனுசன் அவர்.

கிராம்பு மொட்டு கிளை நுனியில் நிற்கும். கிளையை வளைத்தால் முறியும். விரியும் முன்னே கொத்துக் கொத்தாகக் கையால் கிள்ளணும். ஈரத்தில் வழுக்கும் மூங்கில் ஏணி. இடுப்பில் கயிறு கிடையாது. எடைக்குத்தான் கூலி. இறங்கி ஏணியை நகர்த்தினால் எடை குறையும். அதனால் எட்டிப் பறிக்கிறோம். எட்டுகிற அந்த ஒரு முழத்தில்தான் சாவு இருக்கிறது.

குற்றாலத்தில் கிராம்பை 1800 வாக்கில் ஊன்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. துரை போனார், ஆண்டை வந்தார், குத்தகைக்காரர் வந்தார். நான் பார்த்தவரை ஏணியில் நிற்பது எங்க தெரு ஆட்கள்தான். 1920இல் 'மூக்நாயக்' இதழில் பாபாசாகேப் இந்துச் சமூகத்தை ஏணியில்லாத பலமாடிக் கோபுரம் என்றார். நமக்கு ஏணி தந்தார்கள், அவர்கள் கிராம்பை இறக்க!

சரி, குடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, சாவு என்றால் போதையைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. தன் தொழில் வேலையை மேஸ்திரியிடம் கைமாற்றி விட்டிருந்தாலும் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலிக்கலாம். சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்டணும். கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடே ஆகாது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஈமச்செலவென்று நீட்டிய ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு, 'இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்ற தாளில் சித்தி கைநாட்டு வைத்தாள். படித்தவன் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டம் அதற்குள் போய்விட்டது. எந்தச் சட்டம் வந்தால் என்ன, ஏணியடிக்கு அதை யார் கொண்டுபோவது?

மாணவத் தோழர்களே, நீங்கள்தான். ஒருவன் விழுந்தால் போலீசில் எழுதிக் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்யாதீர்கள். எடை நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். நீட்டுகிற தாளில் யாரையும் கைநாட்டு வைக்க விடாதீர்கள். தோட்டக்கூலி சட்டத்தின் பட்டியலில் வராது என்று வக்கீல் வைத்து வாதாடுவார்கள். வாதாடட்டும். அதற்காவது அவர்கள் படியிறங்கி வரட்டும்.